அடைபட்ட பள்ளத்தாக்கு: ஸேன் கிரேயின் கதைத்தலைவி குறித்து ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

அமெரிக்க நாட்டின் மேற்கு நிலப்பரப்பைக் களமாகக் கொண்டு எழுந்த காதற் புதினங்கள் மிகப் பல. அவற்றுள் மீண்டும் மீண்டும் வரும் கதைப்பின்னல் ஒன்று உண்டு. உலகியல் அறியாது சமயச் சூழலில் வளர்ந்த பெண்ணொருத்தி, மாட்டுப் பண்ணையிலும் குதிரை முதுகிலும் வாழ்வு நடத்தும் வன்மை மிக்க ஆடவன் ஒருவனைக் காண்கின்றாள். அவன் இடையில் துப்பாக்கி. அவள் நெஞ்சில் கொல்லாமை. காதல் வளர வளர இவ்விரண்டனுள் ஒன்று தோற்றாதல் வேண்டும். எது தோற்கின்றது, ஏன் தோற்கின்றது, அத்தோல்வியை ஆசிரியர் எப்பெயரால் அழைக்கின்றார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணின், இவ்வகை இலக்கியத்தின் உள்ளியல்பு விளங்கும்.

பொழுதுபோக்கு நூல்கள் என்று இவற்றை ஒதுக்குவாரும் உளர். ஒரு நாட்டு மக்கள் பெருந்தொகையினராய் விரும்பிப் படித்த கதைகளில் அந்நாட்டின் மனச்சான்று பதிந்திருக்கும் என்பது நம் கருத்து. ஆதலின், இவ்வகைக்கு முன்னோடியாய் நின்ற ஒரு நூலை ஈண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வாம். அந்நூல் ஸேன் கிரே 1912-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்’ என்பது. ‘ஊதாப் புதர்நிலக் குதிரையர்’ என அதனைத் தமிழிற் கூறலாம்.

2. ஆசிரியரும் கதையும்

ஸேன் கிரே 1872-இல் ஒகாயோ மாநிலத்துச் சேன்ஸ்வில் நகரில் பிறந்தவர். பல் மருத்துவம் பயின்று நியூயார்க்கில் தொழில் செய்தவர். 1907-இல் அரிசோனாவுக்குச் சென்ற செலவு அவர் வாழ்வை மாற்றிற்று. பாலையும் செங்குத்துப் பாறையும் ஆழ்ந்த பிளவுகளும் நிறைந்த அந்நிலத்தையே தம் எழுத்துக்குக் களமாக்கிக்கொண்டார். 1939-இல் மறையும் வரையில் அக்களத்தை அவர் விட்டாரல்லர்.

கதை நிகழ்வது 1871-இல். இடம் தென் யூட்டாவில் மார்மன் சமயத்தார் குடியேறிய காட்டன்வுட்ஸ் என்னும் ஊர். கதைத்தலைவி ஜேன் விதர்ஸ்டீன். ஊரை நிறுவிய தந்தையிடமிருந்து பெரும் மாட்டுப் பண்ணையையும், ஊருக்கே நீர் தரும் ஆம்பர் ஊற்றையும் உரிமையாகப் பெற்றவள். மணமாகாதவள், தன் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவள், தன் சமயத்தாரல்லாத ஏழையர்க்கும் வேறுபாடின்றி உதவுபவள். சபை மூப்பருள் ஒருவனாகிய டல் என்பான் அவளை மணக்க விரும்புகின்றான். அவள் மறுக்கின்றாள். புறச்சமயத்தானாகிய வென்ட்டர்ஸ் என்னும் இளைஞனிடம் அவள் நட்புக் கொண்டமை அவர்கள் சினத்தைப் பெருக்குகின்றது. வென்ட்டர்ஸைக் கசையாலடிக்க டல்லின் ஆட்கள் முனையும் வேளையில், கறுப்புடை தரித்த லாசிட்டர் என்னும் துப்பாக்கி வீரன் தோன்றி அவனைக் காக்கின்றான். மில்லி எர்ன் என்னும் தன் உடன்பிறந்தாளைக் கவர்ந்து கெடுத்தவனைத் தேடிப் பல்லாண்டு அலைந்து வந்தவன் அவன். இங்கிருந்து கதை இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று ஜேன், லாசிட்டர் கதை. மற்றொன்று வென்ட்டர்ஸ், பெஸ் கதை.

இவ்வகைப் புதினங்களிற் பெரும்பாலும் பண்ணைக்குரியவன் ஆடவன். சமயப் பற்றுடையவள் பெண். கிரேயின் நூலிலோ பண்ணைக்குரியவளும் பற்றுடையவளும் ஒருத்தியே. லாசிட்டருக்கு நிலமும் இல்லை, மந்தையும் இல்லை. ஆகவே இக்கதையில் ஜேன் காதலினால் எதைப் பெறுகின்றாள் என்று கேட்பதோடு, எதனை இழக்கின்றாள் என்றும் கேட்டல் இன்றியமையாதது. நூல் முழுவதும் அவ்விழப்பின் வரிசையே. மந்தையாளர் சபையின் கட்டளையால் விலகிச் செல்கின்றனர். செம்மந்தை கவரப்படுகின்றது, வெண்மந்தை வெருட்டிச் சிதறடிக்கப்படுகின்றது. வீட்டுப் பணிமகளிரே ஒற்றராகின்றனர். அவள் வளர்த்த ஃபே லார்க்கின் என்னும் அநாதைக் குழந்தை கடத்தப்படுகின்றது. இறுதியில் தந்தை கட்டிய மனையும் தீக்கிரையாகின்றது.

3. பற்றின் இரு கூறுகள்

ஜேனின் சமயப் பற்றை ஒரு பொருளாகக் கொண்டு ஆராய்வோர் இடர்ப்படுவர். அதனுள் இரு கூறுகள் உள. ஒன்று பணிவு; மற்றொன்று அருள். சபையின் மூப்பர் சொல் இறைவன் சொல்லே என்று சிறுமைப் பருவந்தொட்டுக் கற்பிக்கப்பட்டமையால் வந்தது பணிவு. பசித்தார்க்கு உணவும், பகைத்தார்க்குப் பொறையும், எவ்வுயிர்க்கும் கொலையின்மையும் வேண்டும் என்று அவள் உள்ளம் தானே தேர்ந்தது அருள். முன்னது அவளைக் கட்டுவது. பின்னது அவளை நிறுத்துவது.

நூலின் முற்பகுதியில் கிரே இவ்விரண்டனையும் நன்கு பிரித்துக் காட்டுகின்றார். இஃது அவர்க்குரிய சிறப்பு. டல்லும், பேராயர் பட்டம் தாங்கிய டையரும் பணிவையே கேட்கின்றனர், அருளைக் கேட்டாரல்லர். ஜேன் அவர்களை வெறுத்தற்கு அஞ்சுகின்றாள். அவ்வச்சத்தைத் தன் பாவமென எண்ணிக் கலங்குகின்றாள். இறைவனையும் இறைவன் பெயரால் ஆள்வாரையும் வேறு பிரித்தறிய அவள் படும் பாடு நூலின் உயிர்ப்பகுதி.

ஆர்தர் கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் யூட்டாவின் மார்மன் மூப்பர், செல்வனொருவன் மகளைத் தம் இனத்துள் மணக்க வற்புறுத்துகின்றனர். அவளைக் காதலித்தவன் பழிவாங்கப் புறப்படுகின்றான். அங்கே லூசி ஃபெரியர் என்னும் அப்பெண் இரக்கத்திற்குரிய உருவமன்றிப் பிறிதில்லை. அவள் மனத்துள் நிகழும் வழக்கை நாம் கேட்பதில்லை. ஜேனின் மனவழக்கையோ கிரே பல இயல்களில் விரித்துரைக்கின்றார். மார்மன் சமயத்தாரைக் கண்மூடிப் பகைத்தவரும் அல்லர் அவர். 1910-இல் எழுதிய ‘பாலையின் மரபுரிமை’ என்னும் புதினத்தில் ஆகஸ்ட் நாப் என்னும் மார்மன் பண்ணையாரைப் பெருந்தகையாளராகவே படைத்துள்ளார்.

4. படைக்கலம் பற்றிய வழக்கு

எனினும் அருள் என்னும் கூற்றினிடம் கிரே நடுவுநிலைமை தவறுகின்றார் என்பதே நம் முதற் குற்றச்சாட்டு. இதனைக் கதையமைப்பே காட்டும். நூலின் தொடக்கத்தில் வென்ட்டர்ஸ் கசையடிக்கு ஆளாக நிற்பது ஏன்? அவன் துப்பாக்கிகளை ஜேன் முன்னரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டமையால் அவன் வெறுங்கையனாய் நிற்கின்றான். அவளது அருள் அவள் நண்பனைப் பகைவர் கையில் ஒப்படைத்துவிட்டது என்பது முதற் காட்சியிலேயே படிப்போர் நெஞ்சில் ஊன்றப்படுகின்றது. அவன் தன் படைக்கலங்களைத் திரும்பக் கேட்கும்போது அவள் கொணர்ந்து தருகின்றாள். வழக்கு தொடங்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று.

பின்னர் லாசிட்டரிடமும் அவள் படைக்கலம் துறக்குமாறு இரக்கின்றாள். முதற்கண் அவள் அவனை நெருங்குவது காதலால் அன்று. தன் சமயத் தலைவரைக் கொல்ல வந்தவன் மனத்தைத் தன் அழகினால் மாற்றிவிடலாம் என்னும் துணிவினால் நெருங்குகின்றாள். சூழ்ச்சியாகத் தொடங்கியது மெய்க்காதலாக முடிகின்றது. அவ்வெல்லைப்புறத்தில் துப்பாக்கியின்றி ஆடவன் வாழ்தல் இயலாது என்பது லாசிட்டரின் வாதம். அவ்வாதத்திற்கு மறுமொழி கூறக்கூடிய நிகழ்ச்சி ஒன்றேனும் கதையில் இல்லை. அருளினால் ஒரு பகைவன் மனம் மாறினான், ஒரு குற்றவாளி நாணினான் என்னும் இடம் ஒன்றும் இல்லை. லாசிட்டர் டையரைக் கொல்லப் புறப்படும்போது ஜேன் கெஞ்சித் தடுக்கின்றாள், பயனில்லை. அவள் கொள்கை தோற்றது என்பது உண்மை. ஆனால் போட்டியில் தோற்றதாக நாம் கொள்ளல் இயலாது. களத்தில் இறங்குதற்கே அஃது இசைவு பெறவில்லை.

ஜேன் டாம்ப்கின்ஸ் என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் 1992-இல் வெளியிட்ட நூலில், மேற்குநிலக் கதை முழுமையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்பாலார் எழுதிய சமயப் புதினங்களுக்கு எதிர்ப்பாக எழுந்தது என்று கூறுவர். அப்புதினங்கள் இல்லத்தையும் இறையன்பையும் பொறையையும் போற்றின. மேற்குநிலக் கதை திறந்த வெளியையும் சொற்சுருக்கத்தையும் கொலைவன்மையையும் போற்றிற்று என்பது அவர் கருத்து. இக்கருத்து பெரிதும் பொருந்துவதே. ஆயினும் கிரேயின் நூலில் சமயப் புதினம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. தோற்கடிக்கப்பட்ட பின்னும் ஜேனின் அருள் கதையின் இறுதிவரை செயற்படுகின்றது என்பதை ஆறாம் பகுதியிற் காட்டுவாம்.

5. வரலாறு கூறுவது

புதினத்தை வரலாற்றோடு ஒப்பிட்டு ‘இது தவறு, அது தவறு’ என்று எண்ணிக் காட்டல் திறனாய்வு ஆகாது. ஆனால் ஆண்டும் இடமும் சுட்டி எழுதிய ஆசிரியர் எவற்றைச் சொல்லாது விடுத்தார் என்பது கருதத்தக்கது.

மார்மன் சபை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டது. 1844-இல் அவர் இல்லினாய் மாநிலத்தில் கொல்லப்பட்டார். பிரிகாம் யங்கின் தலைமையில் அச்சமயத்தார் 1847-இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்து கால்வாய் வெட்டி வேளாண்மை செய்தனர். பலதார மணத்தை 1852-இல் வெளிப்படையாக அறிவித்தனர். நாட்டுப் பேரவை 1862, 1882, 1887 ஆகிய ஆண்டுகளில் அதற்கெதிரான சட்டங்களை இயற்றியது. 1890-இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896-இல் யூட்டா மாநிலமாயிற்று. கிரே எழுதியது 1912-இல். எனவே அவர் தாக்கிய வழக்கம், சபை தானே கைவிடுவதாக அறிவித்து இருபதாண்டு கடந்ததொன்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. யூட்டாப் பகுதியின் பெண்டிர் 1870-இல் வாக்குரிமை பெற்றனர். கதை நிகழும் 1871-இல், அமெரிக்காவின் மிகப் பெரும்பகுதியில் பெண்டிர்க்கு இல்லாத உரிமை ஜேன் போன்றாள் ஒருத்திக்கு இருந்திருக்கும். பெண்டிர் தம் வாக்கினால் பலதார மணத்தை ஒழிப்பர் எனக் கிழக்குப் பகுதியினர் சிலர் எதிர்பார்த்தனர், அவ்வாறு நிகழவில்லை. அதே 1870-இல் மார்மன் பெண்டிர் உப்பேரி நகரில் பெருங்கூட்டம் கூட்டி, தம் சமயத்தார்க்கு எதிரான சட்ட முன்வரைவைக் கண்டித்தனர். மறுபுறம், பிரிகாம் யங்கின் மனைவியருள் ஒருவராயிருந்த ஆன் எலைசா யங் 1873-இல் மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்துப் பின் நாடெங்கும் சென்று அவ்வழக்கத்தின் கொடுமையைப் பேசினார். ஆக, இரு பக்கத்தும் பெண்டிர் தம் வாயாலேயே பேசினர்.

கிரேயின் காட்டன்வுட்ஸில் இக்குரல்கள் இல்லை. அங்குள்ள மார்மன் பெண்டிர் அஞ்சுவர்; அழுவர்; ஒற்றாடுவர்; வாதிடுவாரல்லர். ஜேன் ஒருத்திக்கே மனம் தரப்பட்டுள்ளது. அவள் மனத்தை மாற்றுதற்கும் வெளியிலிருந்து ஒருவன் வருதல் வேண்டும். 1887-இன் சட்டம் மார்மன் பெண்டிரை விடுவிப்பதாகக் கூறிக்கொண்டே அவர்தம் வாக்குரிமையைப் பறித்தது. 1896-இலேயே அவர்கள் அதனை மீளப் பெற்றனர். விடுதலை செய்ய வந்தவர் கையாலேயே உரிமை பறிபோன இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு கிரேயின் முடிவைப் படிப்பார்க்கு அதன் பொருள் புதிதாய்த் தோன்றும்.

ஆம்பர் ஊற்றைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். வறண்ட நிலத்தில் குடியேறிய மார்மன் சமயத்தார் நீரைப் பொதுவில் மேற்பார்க்கும் முறையினர். 1852-இன் பகுதிச் சட்டம் நீரின் மேற்பார்வையை மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஓர் ஊருக்கே உயிரான ஊற்று ஒருவர் தனியுடைமையாய் இருத்தல் அச்சமுதாயத்தில் எளிதில் ஏற்கத்தக்கதன்று. டல்லின் பேராசைக்குப் பின்னே இத்தகைய வழக்கொன்று இருந்திருக்கலாம். அதனைக் கிரே எழுப்பியிருப்பின், மூப்பர் வெறுங் கொடியராய்த் தோன்றாது கருத்துடைய பகைவராய்த் தோன்றியிருப்பர். ஜேனின் போராட்டமும் உயர்ந்திருக்கும்.

6. உடன்போக்கும் அடைப்பும்

இனி நூலின் முடிவை நோக்குவாம். நம் அகப்பொருள் மரபை இங்கே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். பிறநாட்டுக் கதையைத் திணைக்குள் அடக்குதல் நம் நோக்கமன்று. வேறுபாட்டைக் காண்டலே நோக்கம்.

ஜேனின் முற்பகுதி வாழ்வு இற்செறிப்பை ஒத்தது. காவல் கடுகுகின்றது, அலர் எழுகின்றது, விரும்பாத மணம் நெருங்குகின்றது. பிற்பகுதி உடன்போக்கு. தலைவனும் தலைவியும் பாலை வழியே செல்ல, தமர் பின்தொடர்கின்றனர். இதுவரை ஒப்புமை தெளிவு. ஆனால் நம் மரபில் உடன்போக்கு ஒரு வழிச்செலவு. வழியில் கண்டோர் உளர். அவர்கள் இரங்குவர், வாழ்த்துவர். பாலையைக் கடந்தபின் ஓர் ஊர் உண்டு. களவு கற்பாய் மலர்ந்து சுற்றத்தோடு கூடுதற்கே அச்செலவு. வழி திறந்தே இருக்கும்.

கிரேயின் உடன்போக்கில் வழி அடைபடுகின்றது. வென்ட்டர்ஸ் முன்னர்க் கண்டறிந்த மறைவான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் வாயிலின் மேல், பழங்கால மலைவாணர் செதுக்கி வைத்த பெரும் பாறை ஒன்று, தள்ளினால் உருண்டு வாயிலை மூடுமாறு நிற்கின்றது. லாசிட்டர், ஜேன், மீட்கப்பட்ட குழந்தை ஃபே ஆகிய மூவரும் அவ்விடத்தை அடையும்போது டல்லின் கூட்டம் நெருங்கிவிட்டது. பாறையைத் தள்ளினால் பகைவர் அழிவர். ஆனால் வெளியேறும் வழி என்றென்றும் மூடப்படும். லாசிட்டர் தயங்குகின்றான். தள்ளுமாறு கூறுபவள் ஜேன். பாறை உருள்கின்றது, டல்லும் அவன் ஆட்களும் அழிகின்றனர், பள்ளத்தாக்கு மூடப்படுகின்றது. நூலும் அங்கே முடிகின்றது.

இம்முடிவைக் காதலின் வெற்றி எனக் கொண்டாடுவர். நாம் அதனை வேறாகக் காண்கின்றோம். நூல் முழுவதும் பிறர் ஏவலுக்கோ பிறர் வன்மைக்கோ ஆட்பட்டு நின்ற ஜேன், ஐயத்திற்கு இடமின்றித் தானே முடிவு செய்து கட்டளையிடும் இடம் இதுவே. ஆயின் அக்கட்டளை கொலைக் கட்டளை. எதனைத் தடுக்க அவள் தன் அழகையும் கண்ணீரையும் பெருமையையும் செலவிட்டாளோ, அதனையே அவள் வாய் ஏவுகின்றது. அவளைக் கட்டிய பணிவு ஒழிந்ததோடு அவளை நிறுத்திய அருளும் ஒருங்கே ஒழிந்தது. பணிவை ஒழித்தல் விடுதலை. அருளை ஒழித்தல் இழப்பு. இரண்டனையும் ஒரு பெயரால் அழைத்தமை கிரேயின் பிழை.

இதனை நூலே மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றது. பாறை உருளுமுன், பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறி வரும் வென்ட்டர்ஸையும் பெஸ்ஸையும் ஜேன் வழியிற் காண்கின்றாள். பெஸ் மில்லி எர்னின் மகள் என்பது வெளியாகின்றது. ஜேன் தன் உயிரினும் இனியவாகப் போற்றிய இரு கருங்குதிரைகளையும் அவ்விருவர்க்கு ஈந்து அனுப்புகின்றாள். அவர்கள் விரைந்து தப்பி மக்கள் வாழும் உலகை அடைவர். அக்கொடையாலேயே ஜேனும் லாசிட்டரும் விரைவு இழப்பர். அவள் வளமெல்லாம் போனபின்னும் போகாதது இவ்வீகை. இப்புதினத்தின் மெய்யான சிகரம் இக்காட்சியே என்பது நம் துணிபு. பாறை உருளும் காட்சி ஆரவாரமானது. குதிரை ஈயும் காட்சி அமைதியானது. முன்னதை மக்கள் நினைவிற் கொண்டனர். பின்னதை ஆராய்வோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உள்ளே நுழைந்த இணை ஒன்று வெளியேறுகின்றது; வெளியே வாழ்ந்த இணை ஒன்று உள்ளே அடைபடுகின்றது. இவ்வெதிர்நிலை தற்செயலாய் அமைந்ததன்று. 1915-இல் கிரே எழுதிய தொடர்ச்சியாகிய ‘வானவில் தடம்’ என்னும் புதினத்தில் அப்பள்ளத்தாக்கும் காப்பிடமாய் நிலைக்கவில்லை. மார்மன் சமயத்தார் அதனுள் புகுந்தமையும், வளர்ந்த ஃபே மற்றிருவர் உயிரைக் காக்கத் தன்னை அவர்கள் கையில் ஒப்புவித்தமையும் கூறப்படுகின்றன. ஜேனும் லாசிட்டரும் பிறரால் மீட்கப்பட வேண்டியோராகின்றனர். விடுதலையுற்றாரை மீட்டல் வேண்டா. மீட்கவேண்டி வந்தமையின், 1912-இல் மூடிய கதவு சிறைக்கதவே என்பதை ஆசிரியரே மூன்றாண்டில் உணர்ந்தார் எனல் தவறாகாது.

7. இனத்துள் ஒப்புமை

இச்சிக்கல் கிரே ஒருவர்க்கே உரியதன்று. ஓவன் விஸ்டர் 1902-இல் வெளியிட்ட ‘வர்ஜீனியன்’ புதினத்தில், வெர்மான்ட்டிலிருந்து வந்த ஆசிரியை மாலி, துப்பாக்கிப் போருக்குச் சென்றால் மணமில்லை என்கின்றாள். அவன் சென்று கொன்று மீள்கின்றான். அவள் அவன் உயிரோடு மீண்டதற்கு மகிழ்ந்து ஏற்கின்றாள். 1952-இல் வெளிவந்த ‘ஹை நூன்’ திரைப்படத்தில், குவேக்கர் சமயத்தைச் சார்ந்த புதுமணப் பெண் ஏமி, கணவனைக் காக்கும்பொருட்டுத் தானே சுடுகின்றாள். 1947-இன் ‘ஏஞ்சல் அண்ட் த பேட்மேன்’ திரைப்படம் ஒன்றே ஆடவனைப் படைக்கலம் துறக்கச் செய்கின்றது. அங்கும் குவேக்கர் பெண்ணின் காதலனைக் கொல்ல வந்தவரைச் சட்டக் காவலன் ஒருவன் சுட்டு வீழ்த்துகின்றான். கொல்லாமை வென்றது போலத் தோன்றினும், அவ்வெற்றிக்கு வேறொருவன் துப்பாக்கி காவல் நின்றது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். இவ்வினக் கதைகள் பெண்ணின் சமயத்தை இகழ்ந்து ஒதுக்குவன அல்ல. அதனை உயர்ந்ததென்றே போற்றி, ஆனால் வாழ்வுக்கு உதவாததென்று காட்டுகின்றன. இகழ்ச்சிக்கு மறுமொழி உண்டு. இத்தகைய போற்றுதலுக்கு மறுமொழி காண்டல் அரிது.

8. முடிபு

கிரேயின் நூல் நிலக்காட்சியால் வாழ்கின்றது, வேகத்தால் படிக்கப்படுகின்றது. அவற்றினும் மேலாக, ஒரு பெண்ணின் மனச்சான்றை முதற்பாதியில் உண்மையோடு ஆராய்ந்தமையால் மதிக்கத்தக்கது. பிற்பாதியில் அம்மனச்சான்று விடை பெறாமலே வெல்லப்படுகின்றது. சமயப் பெயரால் ஆள்வாரை எதிர்த்தற்குச் சமயத்தின் அருளையும் கைவிடல் வேண்டும் என்னும் முடிவை அக்கதை நிறுவிக் காட்டவில்லை. பாறையொன்றைத் தள்ளி மறைத்துவிட்டது.

இவ்வகைப் புதினங்களை ஆராயப் புகும் மாணவர், காதலர் கூடினரா என்று கேட்பதோடு நில்லாது, தலைவி தன்னுடையதாய் எதைக் கொண்டு கூடினாள் என்றும் கேட்பாராக. ஜேன் கொண்டு சென்றது பண்ணையன்று, ஊற்றன்று, மனையன்று. அவள் பெற்றிருந்தவற்றுள் சிறந்தவற்றை இரு குதிரைகளாய் வழியிலேயே கொடுத்துவிட்டாள். அக்கொடை பள்ளத்தாக்கைக் கடந்து வெளியே சென்றது. அவள் உள்ளே நின்றாள்.